கனத்த விமானம் வென்றது எப்படி?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையோரத்தில் ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள். புத்தம் புதிய கார்களைச் சுமந்துகொண்டு ஒரு நீண்ட லாரி உறுமியபடி போகும். அதைச் சட்டென்று முந்திக்கொண்டு ஒரு மோட்டார் சைக்கிள் பறக்கும். இரண்டுமே அந்த வட்டாரத் தொழிற்சாலைகளில் செய்யப்பட்டவையாக இருக்கலாம். சரி, இவ்விரண்டில் எது சிறந்த வண்டி?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஓட்டுபவரையும் சேர்த்து மோட்டார் சைக்கிளின் எடை 270 கிலோ, அதன் எஞ்சினின் திறன் 20 குதிரைத் திறன் என்று கொள்வோம். ஒரு கிலோவுக்குக் கிடைப்பது 0.074 குதிரைத் திறன். லாரியின் எடை சுமையோடு 18,000 கிலோ, திறன் 180 குதிரைத் திறன் என்றால், ஒரு கிலோவுக்கு 0.01 குதிரைத் திறன்தான். அதனால்தான் மோட்டார் சைக்கிள் அவ்வளவு எளிதாக முந்திச் செல்கிறது. ஆனால் மோட்டார் சைக்கிளில் பத்து டன் இரும்பை ஏற்ற முடியுமா? முடியாது அல்லவா? ஆகவே, "எந்த வேலைக்கு?" என்று கேட்காமல் "எது சிறந்தது?" என்று கேட்டால் விடை கிடைக்காது.

ஒரகடத்தில் வாகனங்களைச் சோதிப்பதற்கென்றே ஓர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே எந்த வண்டிக்கும் ஒரே ஒரு மதிப்பெண் போட்டு அனுப்பிவிடுவதில்லை. பிரேக் எப்படி, புகை எவ்வளவு, மோதினால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிக்கிறார்கள்.

இதே பாடத்தை இரண்டாம் உலகப் போரில் விமானங்களை வைத்துக் கற்றுக்கொண்டார்கள். அங்கே பாடத்துக்குக் கொடுத்த கட்டணம் மனித உயிர்கள்.

பந்தயத் தடமும் விமானத் தளமும்

ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் பந்தயத் தடம் ஒன்று உண்டு. அது 1990இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு சென்னைப் பக்கத்துக் கார்ப் பந்தயங்கள் எங்கே நடந்தன தெரியுமா? சென்னைக்கு வடக்கே உள்ள சோழவரத்தில்! அங்கே பந்தயக் கார்கள் சீறிப் பாய்ந்த நீண்ட தளம், போர்க் காலத்தில் விமானங்களுக்காகப் போடப்பட்ட ஓடுபாதை.

1944இல் அந்தச் சோழவரம் தளத்தில் பிரிட்டிஷ் விமானப் படையின் பியூஃபைட்டர் விமானங்கள் நிறுத்தப்பட்டிருந்தன. கடலில் செல்லும் எதிரிக் கப்பல்களைத் தாக்குவதற்காக அவை அங்கு வந்தன. ஆனால் அதற்கு ஓர் ஆண்டுக்கு முன்பே, அதே பியூஃபைட்டர் இனம் கல்கத்தா வானில் வேறொரு வேலையைச் செய்து காட்டியிருந்தது. இருட்டில் வந்து குண்டு வீசும் விமானங்களைத் தேடிப் பிடிக்கும் வேலை அது. அந்தக் கதையைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

கனரகச் சண்டை விமானம் என்றால் என்ன?

சாதாரணச் சண்டை விமானத்துக்கு ஓர் எஞ்சின், ஒரு விமானி. கனரகச் சண்டை விமானத்துக்கு இரண்டு எஞ்சின்கள். இரண்டு அல்லது மூன்று ஆட்கள். எரிபொருள் அதிகம் கொள்ளும், நெடுந்தூரம் பறக்கும், பெரிய பீரங்கிகளைச் சுமக்கும்.

அப்படியானால் எல்லாரும் கனரக விமானத்தையே செய்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அதில் ஒரு சங்கடம் இருக்கிறது. தோளில் காவடித் தண்டு வைத்து இரு முனையிலும் தண்ணீர்க் குடம் தொங்கவிட்டுச் செல்பவரைக் கவனித்திருக்கிறீர்களா? அவரால் சட்டென்று திரும்ப முடியாது. திரும்பத் தொடங்கினால் சட்டென்று நிற்கவும் முடியாது. எடை நடுவில் இல்லாமல் ஓரங்களில் இருப்பதே காரணம். இரண்டு இறக்கைகளிலும் எஞ்சினைச் சுமக்கும் விமானமும் இந்தக் காவடிக்காரரைப் போன்றதே. விரைவாகப் புரண்டு திரும்ப அதற்கு வராது.

இன்னொரு கணக்கும் உண்டு. விமானத்தின் எடையை அதன் இறக்கைப் பரப்பால் வகுத்தால் வருவது 'இறக்கைச் சுமை'. இது குறைவாக இருந்தால் விமானம் சிறிய வட்டத்தில் திரும்பும். ஹரிக்கேன் என்ற ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 146 கிலோ. பியூஃபைட்டருக்கு ஏறத்தாழ 210 கிலோ.

காகிதத்தில் ஒரு போட்டி

மூன்று விமானங்களை அருகருகே வைத்துப் பார்ப்போம். எண்கள் எல்லாம் ஏறத்தாழத்தான்.

ஹரிக்கேன் (2-சி வகை): ஓர் எஞ்சின், 1,280 குதிரைத் திறன், எடை 3,500 கிலோ, உச்ச வேகம் மணிக்கு 540 கி.மீ.; 20 மி.மீ. பீரங்கி நான்கு; விமானி ஒருவர்.

பியூஃபைட்டர் (6ஆம் வகை): இரண்டு எஞ்சின்கள், 3,200 குதிரைத் திறன், எடை 9,800 கிலோ, உச்ச வேகம் மணிக்கு 535 கி.மீ.; 20 மி.மீ. பீரங்கி நான்கு, எந்திரத் துப்பாக்கி ஆறு, ஆட்கள் இருவர்.

கி-21 (ஜப்பானியக் குண்டுவீச்சு விமானம்): இரண்டு எஞ்சின்கள்; 3,000 குதிரைத் திறன்; எடை 10,000 கிலோ; உச்ச வேகம் மணிக்கு 485 கி.மீ.; குண்டுச் சுமை 1,000 கிலோ வரை.

இந்தப் பட்டியலை மட்டும் உங்கள் கையில் கொடுத்து, "கல்கத்தாவைக் காக்க எந்த விமானத்தை அனுப்புவீர்கள்?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? ஹரிக்கேன் என்றுதானே? அதற்கு வேகம் சற்றுக் கூட. ஒரு கிலோவுக்கு 0.37 குதிரைத் திறன், பியூஃபைட்டருக்கு 0.33தான். பீரங்கிகளும் இரண்டிலும் நான்கு. திரும்பும் ஆற்றலிலோ ஹரிக்கேனே மேல். போதாததற்கு, ஒரு பியூஃபைட்டர் செய்யும் செலவில் ஒன்றுக்கு மேற்பட்ட ஹரிக்கேன்களைச் செய்துவிடலாம்.

ஆனால் நடந்தது என்ன?

1942 டிசம்பர், கல்கத்தா

அந்த ஆண்டு ஏப்ரலிலேயே ஜப்பானிய விமானங்கள் வங்கக் கடலைக் கலக்கியிருந்தன. ஏப்ரல் 5 அன்று கொழும்பு, 6 அன்று விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9 அன்று திருகோணமலை என்று குண்டுகள் விழுந்தன. அடுத்தது சென்னைதான் என்ற பயத்தில் நகர மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் உள்நாட்டு ஊர்களுக்குப் புறப்பட்டார்கள். உங்கள் வீட்டிலும் அந்த நாள்களின் கதை ஒன்று வழிவழியாகச் சொல்லப்பட்டு வரலாம். கேட்டுப் பாருங்கள்.

டிசம்பர் 20 இரவு கல்கத்தாவின் மீது முதல் குண்டு விழுந்தது. பர்மாவைப் பிடித்துவிட்ட ஜப்பானியர், அங்கிருந்து இரவு நேரத்தில் சிறு சிறு கூட்டமாகக் கி-21 விமானங்களை அனுப்பினார்கள். அடுத்து வந்த நாள்களிலும் தாக்குதல் தொடர்ந்தது. பெரும் படையெடுப்பு ஒன்றுமில்லை. ஒரு சில விமானங்கள்தாம். ஆனால் இலட்சக்கணக்கான மக்கள் நகரை விட்டு வெளியேறினார்கள். துறைமுகத் தொழிலாளர், வண்டிக்காரர், கடைக்காரர் எல்லாரும் போய்விட்டால் நகரம் எப்படி இயங்கும்?

கல்கத்தாவில் ஹரிக்கேன்கள் இல்லாமலில்லை. நகரின் நடுவிலுள்ள 'ரெட் ரோடு' என்ற சாலையையே ஓடுபாதையாக்கி அவை கிளம்பின. விமானிகளும் துணிச்சல்காரர்கள்தாம். ஆனால் இருட்டில் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்பினார்கள். நிலா இல்லாத இரவில் சில நூறு மீட்டருக்கு அப்பால் பறக்கும் விமானமும் கண்ணுக்குத் தெரியாது. காணாத பகைவனிடம் வேகமும் பீரங்கியும் என்ன செய்யும்?

இருட்டில் காணும் கண்

இங்கேதான் கனரக விமானத்தின் 'குறை' அதன் நிறையாக மாறியது. அது பெரியது, ஆகவே உள்ளே இடம் இருந்தது. கனமான ரேடார் கருவியையும், அதை இயக்க இரண்டாவது ஆளையும் அது சுமந்து செல்லும்.

ரேடார் எப்படி வேலை செய்கிறது? கிணற்றுக்குள் குனிந்து "ஓ!" என்று கத்துகிறீர்கள். எதிரொலி திரும்ப எடுக்கும் நேரத்தை வைத்துத் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். ரேடார் ஒலிக்குப் பதில் ரேடியோ அலையை அனுப்புகிறது. அதன் வேகம் வினாடிக்கு 3,00,000 கி.மீ. மூன்று கி.மீ. தொலைவிலுள்ள விமானத்தில் பட்டுத் திரும்ப, போக மூன்று, வர மூன்று, ஆக ஆறு கி.மீ. பயணம். அதற்காகும் நேரம் ஒரு வினாடியின் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு! இதை அளந்து ஒரு சிறு திரையில் கோடாகக் காட்டுவார்கள்.

அக்காலத்துக் கருவிக்கு இரண்டு எல்லைகள் இருந்தன. முதலாவது, அதன் அலைகள் குறுகிய கற்றையாகப் போகாமல் நாலா பக்கமும் பரவின. கீழே தரையிலும் பட்டுத் திரும்பின. தரையின் எதிரொலி மிகப் பெரிது. அது வந்தவுடன் திரையில் மற்ற எல்லாம் மறைந்துவிடும். ஆகவே விமானம் 4,500 மீட்டர் உயரத்தில் பறந்தால் ஏறத்தாழ 4,500 மீட்டர் தொலைவு வரைதான் அதனால் 'பார்க்க' முடியும். தாழப் பறந்தால் பார்வையும் குறுகும்.

இரண்டாவது, மிக அருகிலும் அது குருடு. நீங்கள் "ஓ" என்று கத்தி முடிக்கும் முன்பே எதிரொலி வந்துவிட்டால் காதில் விழுமா? ரேடாருக்கும் அப்படியே. அதன் ஒவ்வோர் அலைத் துடிப்பும் வினாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நீடித்தால், 150 மீட்டருக்குள் இருக்கும் பொருளை அதனால் காண முடியாது. அந்தக் கடைசித் தூரத்தை விமானி தன் கண்ணை நம்பியே கடக்க வேண்டும்.

ஆகவே வேட்டை மூன்று கட்டமாக நடந்தது. முதலில் தரையிலுள்ள பெரிய ரேடார், எதிரி வரும் திசையையும் உயரத்தையும் சொல்லி விமானத்தைச் சில கி.மீ. பக்கத்தில் கொண்டுபோய் விடும். பிறகு விமானத்தில் உள்ள ரேடார்க்காரர், "வலப் பக்கம்... சற்று மேலே... வேகத்தைக் குறை" என்று விமானிக்கு வழி சொல்வார். முடிவில் விமானியின் கண்ணுக்கு எதிரே ஒரு கரிய நிழல் தெரியும். இருவரில் ஒருவர் தவறினாலும் வேட்டை பலிக்காது.

சில நிமிடங்களில் மூன்று

எகிப்திலிருந்து சில பியூஃபைட்டர்கள் கல்கத்தாவின் டம்டம் தளத்துக்கு வரவழைக்கப்பட்டன. அவற்றைக் கொண்டு 1943 ஜனவரி நடுவில் 176ஆம் படைப்பிரிவு அமைந்தது. உடனே, ஜனவரி 15 இரவில், ஃபிளைட் சார்ஜண்ட் ஆர்தர் பிரிங் ஓட்டிய பியூஃபைட்டர் சில நிமிடங்களுக்குள் மூன்று குண்டுவீச்சு விமானங்களை வீழ்த்தியது. ஜனவரி 19 இரவில் ஆஸ்திரேலியரான சார்லஸ் கிராம்பி, தம் எஞ்சின்களில் ஒன்று தீப்பிடித்த பிறகும் தாக்குதலை நிறுத்தவில்லை. இரண்டு விமானங்களை வீழ்த்திவிட்டே பாராசூட்டில் குதித்தார்.

பீரங்கியின் பங்கையும் மறக்கக் கூடாது. 20 மி.மீ. குண்டு ஒன்றின் எடை ஏறத்தாழ 130 கிராம். ஒரு பீரங்கி வினாடிக்குப் பத்துக் குண்டு சுடும். நான்கும் சேர்ந்தால் வினாடிக்கு 5 கிலோவுக்கு மேல்! போரின் தொடக்கத்தில் ஹரிக்கேன்களில் இருந்த எட்டு எந்திரத் துப்பாக்கிகளும் சேர்ந்து வினாடிக்கு 2 கிலோகூடச் சுடவில்லை. இருட்டில் எதிரி கண்ணில் படுவது ஓரிரு வினாடிகள். அதற்குள் காரியம் முடிய வேண்டும்.

அந்த மாதத்துக்குப் பிறகு கல்கத்தாவின் மீது இரவுத் தாக்குதல்கள் பல மாதங்களுக்கு ஓய்ந்தன. ஒரு சில விமானங்களும், அவற்றிலிருந்த ரேடார்களும், அவற்றை இயக்கிய சில இளைஞர்களும் அதற்கு முதன்மையான காரணம்.

துரத்தும் கணக்கு

கனரக விமானம் எப்போதும் வென்றுவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். எதிரே வருவது எந்த விமானம் என்பதைப் பொறுத்தது அது.

குண்டுவீச்சு விமானம் மணிக்கு 350 கி.மீ. வேகத்தில் போகிறது, சண்டை விமானம் 450 கி.மீ. வேகத்தில் பின்தொடர்கிறது என்று கொள்வோம். வேக வித்தியாசம் 100 கி.மீ. இடைவெளி 4 கி.மீ. என்றால், எட்டிப் பிடிக்க 144 வினாடி ஆகும். அதற்குள் குண்டுவீச்சு விமானம் 14 கி.மீ. போயிருக்கும். இது ஏறத்தாழ ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட சாலைத் தூரம். வித்தியாசம் 50 கி.மீ. ஆகக் குறைந்தால் நேரமும் தூரமும் இரு மடங்காகும். அதற்குள் நகரமே வந்துவிடலாம். ஆகவே சண்டை விமானத்தின் வேகம் தனியாக முக்கியமில்லை. இரண்டு வேகங்களுக்கும் உள்ள வித்தியாசமே முக்கியம்.

ஐரோப்பாவில் ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 110 என்ற இரட்டை எஞ்சின் விமானத்துக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 1940 கோடையில் பகல் வெளிச்சத்தில் பிரிட்டனின் மேல் பறந்தபோது, சுறுசுறுப்பான ஸ்பிட்ஃபயரும் ஹரிக்கேனும் அதைத் துரத்தித் துரத்தி அடித்தன. இருநூறுக்கு மேற்பட்டவை அழிந்தன. "உதவாத விமானம்" என்று பெயர் வாங்கிய அதுவே, ரேடார் பொருத்தி இரவில் பறக்கத் தொடங்கியதும் பிரிட்டிஷ் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களுக்கு எமனாயிற்று. கனத்த சுமையோடு ஏறத்தாழ 320 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து வந்த லங்காஸ்டரை எட்டிப் பிடிப்பதற்கு அதன் வேகம் போதுமானது. பெரும்பாலான லங்காஸ்டர்களுக்கு வயிற்றுப் பக்கம் துப்பாக்கி இல்லை என்பதை அறிந்து, மேல் நோக்கிச் சுடும் பீரங்கியைப் பொருத்திக்கொண்டு அடியில் பதுங்கி வந்தார்கள். 1944 மார்ச் 30 இரவு நியூரம்பர்க் நகருக்குப் புறப்பட்ட 795 விமானங்களில் 95 திரும்பவில்லை.

ஜப்பானின் கதை இதற்கு மாறானது. கி-45 என்ற இரட்டை எஞ்சின் விமானத்தின் உச்ச வேகம் ஏறத்தாழ 540 கி.மீ. ஆனால் அதன் எதிரே வந்ததோ அமெரிக்காவின் பி-29. வங்காளத்தில் கரக்பூர் முதலிய தளங்களில் இருந்த பி-29கள் சீனாவின் செங்டு வழியாகப் போய் 1944 ஜூன் 15 அன்று ஜப்பானின் யவாட்டா எஃகு ஆலையைத் தாக்கின. அதே ஆண்டு ஆகஸ்டில் திருகோணமலையின் சீனன்குடாத் தளத்திலிருந்து கிளம்பிச் சுமத்ராவின் பலம்பாங் எண்ணெய் ஆலைகள் வரை சென்றன. பி-29இன் உச்ச வேகம் ஏறத்தாழ 570 கி.மீ.; பறக்கும் உயரம் 9,000 மீட்டருக்கு மேல். பின்னாலிருந்து துரத்தினால் கி-45க்கு வித்தியாசமே மிஞ்சாது. எதிரே பாய்ந்தால் இருவர் வேகமும் கூடி மணிக்கு ஏறத்தாழ 1,000 கி.மீ. 600 மீட்டரில் சுடத் தொடங்கினால், மோதுவதற்குள் கிடைப்பது இரண்டே வினாடி!

மீண்டும் கல்கத்தா

கதையின் கடைசிப் பக்கம் 1943 டிசம்பர் 5. அன்று ஜப்பானியர் இரவை நம்பவில்லை. நல்ல பகலில், காவலுக்குச் சண்டை விமானங்கள் புடைசூழ, பெருங்கூட்டமாகக் கல்கத்தாத் துறைமுகத்தைத் தாக்கினார்கள். நூற்றுக்கணக்கான மக்கள் இறந்தார்கள். 176ஆம் படைப்பிரிவிடம் அப்போது இரவுச் சண்டைக்கென ஆயத்தமான ஹரிக்கேன்களும் இருந்தன. அவையும் அன்று பகலில் மேலே அனுப்பப்பட்டன. சுறுசுறுப்பான காவல் விமானங்களுக்கு முன் அவற்றால் தாக்குப் பிடிக்க இயலவில்லை. திரும்பி வராதவர்களில் ஒருவர், ஜனவரி இரவின் வீரர் பிரிங்.

திறமை குறைந்ததால் அவர் இறக்கவில்லை. இருட்டும் ரேடாரும் இரண்டாவது ஆளும் அன்று அவருக்குத் துணையாக இல்லை. ஒரு வேலைக்குத் தயாரானவர் வேறொரு வேலைக்கு அனுப்பப்பட்டார்.

நண்பர்களே, விமானங்களை ஒப்பிடும் நூல்களில் வேகம், உயரம், பீரங்கி என்று பட்டியல்கள் வரும். அவற்றைப் படிப்பது சுவையானதுதான். ஆனால் ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் மனிதர்கள் இருந்தார்கள். வீழ்ந்த ஒவ்வொரு கி-21இலும் ஐந்துக்குக் குறையாத இளைஞர்கள் இருந்தார்கள். லங்காஸ்டர்களும் மற்ற விமானங்களும் பறந்த பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் போர் முடிவதற்குள் 55,000க்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்கள் வீசிய குண்டுகளால் இறந்த பொதுமக்களோ பல இலட்சம். ஒரு கருவியைத் தவறான வேலைக்கு அனுப்புவது ஏட்டில் சிறு பிழையாகத் தோன்றும்; வானத்தில் அது ஓர் உயிர்.

நாளை உங்களில் சிலர் ஒரகடத்திலோ வேறெங்கோ பொறியாளராகி, ஒரு பிரேக்கையோ எஞ்சினையோ சோதித்துப் பார்க்கலாம். அப்போது "இது எவ்வளவு வேகம்?" என்பதற்கு முன்னால், "இது யாருக்கு, எங்கே, எதற்காக?" என்று கேளுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

குண்டுவீச்சு விமானத்தின் வேகம் மணிக்கு 400 கி.மீ.; பின்தொடரும் சண்டை விமானத்தின் வேகம் 480 கி.மீ.; இடைவெளி 6 கி.மீ. எத்தனை நிமிடத்தில் எட்டிப் பிடிக்கும்? அதற்குள் குண்டுவீச்சு விமானம் எவ்வளவு தூரம் போயிருக்கும்?

விடை: நான்கரை நிமிடம், 30 கி.மீ. வரைபடத்தில் உங்கள் பள்ளியை மையமாக வைத்து 30 கி.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்து பாருங்கள். அதற்குள் எத்தனை ஊர்கள், எத்தனை வீடுகள் இருக்கின்றன என்று எண்ணத் தொடங்குங்கள். எச்சரிக்கை ஏன் முன்னதாகவே கிடைக்க வேண்டும் என்பது தானாக விளங்கும்.